அன்னக்கொடி பழசாக்கிய அருவாள்

புதுச் சாமானைப் பழசாக்கித் தருவது ஒரு தொழில் என்று சொன்னால் மதுரைப் பக்கத்து விளாங்குடியில் அந்தக் காலத்தில் யாரும் நம்பவில்லை. வீட்டில் கிடக்கிற பழசைத் தேய்த்துப் புதுசாக்க வழி தெரியாமல் ஊரே திண்டாடிக்கொண்டிருக்க, அன்னக்கொடி என்பவள் பளபளவென்று வருகிற வாளை வாங்கிக் கரியைப் பூசித் திருப்பிக் கொடுக்கிறாளாம், அதற்கு ஆட்கள் தேனியிலிருந்தும் விருதுநகரிலிருந்தும் பஸ் ஏறி வருகிறார்களாம். அக்கம்பக்கத்துப் பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்கிற ஆள் அவள் இல்லை. சிரித்து முடித்துவிட்டு இந்தச் செங்கல் பொடியைக் கொஞ்சம் சலித்துக் கொடுங்கள் என்று சல்லடையை அவர்கள் கையிலேயே திணித்துவிடுவாள்.

அவள் புருஷன் முத்திருளன் பெயிண்டர். சுவர் விளம்பரம், கடைப் பலகை, சினிமாத் தட்டி எல்லாம் எழுதுவான். வலது கையில் பிரஷ்ஷைப் பிடித்தானானால் கோடு நூல் பிடித்த மாதிரி வரும். அந்தக் கைதான் அந்த வீட்டுக்கு அடுப்பு. ஆனால் ஆள் ஒரு மெத்தனம். சொன்னதைச் சொன்னபடி செய்ய மாட்டான். கைக்கு எது எட்டுகிறதோ அதை வைத்து வேலையை முடிப்பான். டர்பன்டைன் வாங்கி வரச் சொன்னால் மண்ணெண்ணெய் இருக்கிறதே என்பான். அன்னக்கொடியின் பாதி ஆயுள் அவனிடம் ஒரே விஷயத்தை இரண்டு தடவை சொல்வதிலேயே கழிந்தது.

அவள் இந்த வேலைக்கு வந்ததே ஒரு வாய்த்துடுக்கால்தான். எழுபதுகளின் நடுவில் ஒரு படம் நூறு நாள் ஓடியது. நடிகரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் உங்களில் பாதிப் பேர் கை தட்டுவீர்கள், மீதிப் பேர் சண்டைக்கு வருவீர்கள். அன்றைய மதுரை அப்படி இரண்டாகப் பிளந்து கிடந்தது. ரசிகர் மன்றத்தார் அந்தப் படத்தில் அவர் பிடித்த வாளைப் போலவே ஒன்று செய்து, மாட்டுவண்டியில் நிறுத்தி ஊர்வலம் விட ஆசைப்பட்டார்கள். ஆசாரி கல்யாணமுருங்கை மரத்தில் செதுக்கிக் கொடுத்தார், முத்திருளன் சில்வர் பெயிண்ட் அடித்தான். காய்ந்த வாளைப் பார்த்ததும் மன்றத்தார் முகம் தொங்கிப்போனது. சீர்வரிசையில் வந்த எவர்சில்வர் கரண்டி மாதிரி மின்னியது அது. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அன்னக்கொடி வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "சண்டைக்குப் போயிட்டு வந்த வாளுங்கிறீக. இது இன்னும் கடையை விட்டே வெளிய வரலையே" என்றாள்.

சொன்ன வாய்க்குத் தண்டனையாக வாள் அவள் தலையில் விழுந்தது. விளக்குக் கரியை வேப்பெண்ணெயில் குழைத்துப் பூசினாள். உப்புத்தாளால் விளிம்பை மட்டும் தேய்த்து வெளிச்சம் காட்டினாள். பிடியில் உள்ளங்கை படுகிற இடத்தைப் பழந்துணியால் நாள் முழுக்கத் தேய்த்தாள். செங்கல் பொடியை வார்னிஷில் கலந்து, கைப்பிடிக்குச் சற்று மேலே துரு ஏற்றினாள். மறுநாள் வந்து பார்த்த மன்றத் தலைவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அடேயப்பா, அதற்குப் பிறகு வந்த சாமான்கள்! கிரீடம், கேடயம், சாட்டை, படகுத் துடுப்பு, அரிக்கேன் விளக்கு. எது வந்தாலும் அவள் முதலில் கேட்பது ஒன்றைத்தான். இதை யார், எந்தக் கையால் பிடித்தார், மழை எந்தப் பக்கம் அடித்தது? புதுசுக்கெல்லாம் ஒரே முகம், பழசுக்குத்தான் தனித்தனி முகம் என்பாள்.

வாங்குகிறவர்களில் பெரிய கிறுக்கு திருநகர் விருமாண்டி. லாரி முதலாளி. அந்த நடிகர் படங்களில் தொட்டது, தூக்கியது, எறிந்தது அத்தனைக்கும் ஒரு நகல் செய்யச் சொல்லி, வீட்டில் ஓர் அறை முழுக்கக் கண்ணாடி அலமாரி போட்டு வைத்திருந்தார். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அந்த அறைக்குள் போகவேண்டும். அவர் பெண்டாட்டிகூட அங்கே கூட்டிப் பெருக்கப் போக முடியாது. ஒன்றைத் தொட்டுவிட்டால் மனுஷனுக்கு முகம் சிவந்துவிடும். அன்னக்கொடி எதையாவது 'படத்தில் வந்தது மாதிரியே' என்று சொன்னால், "மாதிரின்னு சொல்லாத அன்னக்கொடி. அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியுது" என்பார். அவள் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

எண்பத்து மூன்றில் ஒரு படம் வந்தது. நாகமலைக்கு மேற்கே மேலச்சுனைப்பட்டி என்ற ஊரில் எடுத்த படம். கடைசிக் காட்சியில் நடிகர் அந்த ஊர்க் கருப்பசாமி கோயிலின் பெரிய அருவாளைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவார், தியேட்டரே எழுந்து நிற்கும். சினிமாக்காரர்களுக்குச் சாமி அருவாளை யார் கொடுப்பார்கள்? அவர்கள் பார்த்துப் பார்த்து மரத்தில் ஒன்று செய்து, எடுத்து முடித்ததும் சென்னைக்குக் கொண்டுபோய்விட்டார்கள். விருமாண்டிக்கு அந்த மரக்கட்டை வேண்டாம். சாமியிடம் நிற்கிறதே, அதே நீளம், அதே கனம், அதே கோலத்தில் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். தன் லாரி ஒன்றின் பழைய ஸ்பிரிங் பட்டையையே எடுத்துக் கொடுத்தார். கொல்லர் அதைக் காய்ச்சி அடித்து வளைத்தார். ஒரே ஒரு சங்கடம். ஸ்பிரிங் பட்டையின் நடுவில் போல்ட்டு மாட்டுகிற ஓட்டை ஒன்று இருக்கும். அது அருவாளின் வயிற்றுப் பகுதியில், சுண்டுவிரல் நுழைகிற அளவில் வந்து நின்றது.

அதற்கு முன்பே அளவெடுக்க முத்திருளன் போய்வந்திருந்தான். பூசாரி மலையாண்டி நல்லவிதமாகக் கூப்பிட்டு, சணல் கயிறு வைத்து அளந்து, படமும் வரைந்துகொள்ளச் சொல்லி, வெற்றிலையும் கொடுத்திருந்தார். அன்னக்கொடியும் ஒரு வெள்ளிக்கிழமை போய், பெண்கள் தாண்டக் கூடாத எல்லைக் கல்லுக்கு வெளியே மற்றப் பெண்களோடு நின்று பார்த்தாள். அந்தக் கோயிலில் ஒரு வழக்கம். தீபாராதனைக்குத் தட்டு கிடையாது. பூசாரி பெரிய அருவாளைப் படுக்கைவாட்டில் ஏந்தி, அதன் அலகின் மேலேயே சூடத்தை ஏற்றிக் கருப்பனுக்குக் காட்டுவார். தலைமுறை தலைமுறையாக எரிந்த சூடம் அருவாளின் வயிற்றில் ஒரு கரும்பட்டையாகவே படிந்து கிடந்தது, தோசைக்கல்லின் அடிப்பாகத்தைப் போல. அதைப் பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போல்ட்டு ஓட்டை வந்து நின்றதும் அதே இடம்தான். கரிக்கு அடியில் மறைத்துவிடலாம்.

ஓட்டையை அடைக்கிற வேலை முத்திருளனுடையது. சுவர் விரிசலுக்கு வைக்கிற பட்டியை இரும்பில் வைத்தால் வெடித்து உதிரும், தட்டாரிடம் வாங்கி வைத்திருக்கிற அரக்கை உருக்கி ஊற்றுங்கள் என்று அன்னக்கொடி வழக்கம்போல இரண்டு தடவை சொன்னாள். அவனும் வழக்கம்போலச் சரி சரி என்றான். அவள் தண்ணீர் பிடித்துவிட்டு வந்தபோது ஓட்டை மூடி, தேய்த்து, மேலே சிவப்பு பிரைமரும் அடித்தாகிவிட்டது. அவள் வேறெதுவும் கேட்கவில்லை. புளியையும் உப்பையும் தடவி ஈரச் சாக்கில் சுற்றி வைத்து நிஜத் துருவே பிடிக்கவைத்தாள். நுனியில் எலுமிச்சம்பழம் குத்திக் குத்தி அரித்த தடம், மஞ்சளும் குங்குமமும் அடுக்கடுக்காக அப்பிய தடம், வயிற்றில் சூடக் கரி. வேலை முடிந்த அன்று அவளுக்கே அதைக் கையில் எடுக்கப் பயமாக இருந்தது. இது விளையாட்டுச் சாமான்தான், கோவித்துக்கொள்ளாதே என்று மேற்குத் திசையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டாள். விருமாண்டி அதை ஏந்திக்கொண்டு அழுதேவிட்டார்.

இது நடந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. ஒருநாள் காலை, உசிலம்பட்டி பஸ் கண்டக்டர் ஒருவர் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகமே சரியில்லை. மேலச்சுனைப்பட்டியில் சாமி அருவாளைக் காணவில்லை. ரோட்டோரம் சுவர் எழுதிக்கொண்டிருந்த முத்திருளனை, அன்றைக்குக் கயிறு வைத்து அளந்தவன் இவன்தான் என்று பிடித்துக்கொண்டு போய்ப் புளியமரத்தில் கட்டிப் போட்டிருக்கிறார்கள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு மீதியையும் சொன்னார்.

"பொழுது சாயுறதுக்குள்ள அருவா வரலைன்னா, எடுத்த கையை முறிச்சு அனுப்புவோம்னு எளவட்டங்க நிக்குதுக்கா. வலது கையை."

அன்னக்கொடி போட்டது போட்டபடி எழுந்தாள். அடுப்பில் இருந்ததை இறக்கினாளா இல்லையா என்பதுகூட அவளுக்குப் பிறகு நினைவில்லை. திருடுகிறவனா அவன்? ஒரு பிரஷ்ஷைக் கழுவி வைக்கச் சோம்பல்படுகிறவன் மலை தாண்டிப் போய்ச் சாமி அருவாளைத் திருடுவானா? ஆனால் அந்த ஊருக்கு அதை எப்படிச் சொல்வது? அளந்தது உண்மை, படம் வரைந்தது உண்மை. எதற்காக அளந்தான் என்று காட்டினால்தான் நம்புவார்கள். நகல் விருமாண்டி வீட்டில் இருக்கிறது. கெஞ்சிக் கூத்தாடியாவது அதை வாங்கிக்கொண்டு போகவேண்டும் என்று அழுதுகொண்டே திருநகர் போனாள்.

அங்கேதான் ஓர் அதிசயம். விருமாண்டி முழுக்கதையைக் கேட்கக்கூட இல்லை. அலமாரியைத் திறந்தார், அருவாளை எடுத்தார், சாக்கில் சுற்றி அவள் கையில் கொடுத்தார். தன் வேனையே டிரைவரோடு அனுப்பினார். நீங்களும் ஒரு வார்த்தை வந்து சொன்னால் நல்லது அண்ணே என்றதற்கு மட்டும், லோடு விஷயமாக அவசர வேலை என்றார். வேன் கிளம்பும்போது சன்னலருகே வந்து, "அது எங்களுதுதான்னு அவுக சொன்னாலும் மல்லுக்கு நிக்காத அன்னக்கொடி. விட்டுட்டு வந்துரு. நமக்கு வேற செஞ்சுக்கலாம்" என்றார். இப்படி ஒரு மனசா இந்த மனுஷனுக்கு என்று அவள் கண் கலங்கினாள். அதற்கு மேல் யோசிக்க அன்றைக்கு அவளுக்குப் புத்தி ஏது?

மேலச்சுனைப்பட்டியில் வேன் நின்றபோது வெயில் சாய ஆரம்பித்திருந்தது. கோயிலுக்கு எதிரே புளியமரத்தடியில் ஊரே உட்கார்ந்திருந்தது. முத்திருளனின் கைகளைப் பின்னால் வளைத்து மரத்தோடு கட்டியிருந்தார்கள். உதடு வீங்கியிருந்தது. அவளைப் பார்த்ததும் அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதைக் கண்டதும் அவளுக்கு அழுகை நின்று ஆத்திரம் வந்தது. நாட்டாமை காளை ஒரு பெரிய மனிதர், பெரிய மீசை, அதிகம் பேசாதவர். அவர் முன்னால் சாக்கை விரித்து அருவாளை வைத்தாள். இதைச் செய்யத்தான் அளந்தான், இது நகல், நாங்கள் செய்தது, திருநகரில் ஒருவர் வீட்டில் காட்சிக்கு இருந்தது என்று மூச்சு விடாமல் சொன்னாள். அளப்பதற்குப் பூசாரி ஐயாதான் அனுமதி கொடுத்தார் என்றும் சொன்னாள்.

எல்லோரும் பூசாரி மலையாண்டியைப் பார்த்தார்கள். அவர் நான் யாருக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்றார். பிறகு குனிந்து அருவாளை இரண்டு கையாலும் எடுத்தார். நெற்றியில் ஒற்றிக்கொண்டார்.

"இதுதான். நம்ம கருப்பன் அருவா இதுதான்" என்றார்.

கூட்டம் எழுந்தது. எழுந்த வேகத்தில் புழுதி கிளம்பியது. திருடன் பெண்டாட்டியே கொண்டுவந்து போட்டுவிட்டாள், இன்னும் என்ன பேச்சு என்று இளவட்டங்கள் மரத்தை நோக்கி நகர்ந்தார்கள். ஒருவன் முத்திருளனின் கட்டை அவிழ்த்து வலது கையை முன்னால் இழுத்தான். புருஷனைக் காப்பாற்றக் கொண்டுவந்த சாமானே அவன் கழுத்துக்குச் சுருக்காகிவிட்டது. இவ்வளவு தத்ரூபமாகச் செய்து தொலைத்தேனே, என் கையில் கொள்ளி வைக்க என்று அவள் தன்னையே திட்டிக்கொண்டாள்.

"ஐயா, அதோட வயித்துல ஒரு ஓட்டை இருக்கு. லாரிப் பட்டையில இருக்கிற போல்ட்டு ஓட்டை. கரியைச் சுரண்டிப் பாருங்க" என்று நாட்டாமையின் காலடியில் விழுந்தாள்.

நாட்டாமை யோசித்தார். ஆனால் சுற்றி நின்றவர்கள் கொதித்துவிட்டார்கள். சாமி அருவாளைச் சுரண்டுவதா? எந்தக் கை சுரண்டும்? அந்தக் கை அழுகிப்போகாதா? அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கத்தான் செய்தது. நகல் என்று தெரிந்தால்தான் சுரண்டலாம், சுரண்டினால்தான் நகல் என்று தெரியும். அன்னக்கொடி நான் சுரண்டுகிறேன், வருகிற பாவம் எனக்கு வரட்டும் என்றாள். திரும்பி வந்த சாமி அருவாளில் இனி ஒரு பொம்பளை கை படுவதா என்று நாலு பேர் குறுக்கே வந்து நின்றார்கள்.

பூசாரி அருவாளைத் தூக்கிக்கொண்டு கோயிலை நோக்கி நடக்க ஆரம்பித்தார். சூரியன் பனைமரங்களைத் தொட்டுவிட்டது. அந்த நேரத்தில் அவளுக்கு அந்த வெள்ளிக்கிழமை நினைவுக்கு வந்தது.

அவள் குரலைத் தணித்துக்கொண்டாள். நாட்டாமையைப் பார்த்து, "சரிங்கய்யா. இது சாமி அருவாதான்னே வச்சுக்குவோம். போன சாமி திரும்பி வந்திருக்கு. அலகுல சூடம் ஏத்தாமலா உள்ள கொண்டுபோறது?" என்றாள்.

இதற்கு யார் மறுப்புச் சொல்ல முடியும்? பெண்கள் பக்கத்திலிருந்து ஆமா ஆமா என்று குரல் வந்தது. சூடம் கொண்டு வா என்றார் நாட்டாமை. ஒரே ஒரு ஆள்தான் ஒத்துக்கொள்ளவில்லை. நாள் சரியில்லை, தீட்டுப்பட்ட அருவாள், கழுவி மஞ்சள் பூசி வெள்ளிக்கிழமை ஏற்றிக்கொள்ளலாம் என்று பூசாரி இழுத்தார். சொல்லும்போது அவர் கண் கருப்பசாமி நிற்கிற பக்கம் போகவே இல்லை. அன்னக்கொடி அதைக் கவனித்தாள். அரக்கைப் பற்றி இவருக்குத் தெரியாதே. பிறகு எதற்காக இந்த மனுஷன் சூடம் ஏற்றப் பயப்படுகிறார்? வருஷக்கணக்காக வாராவாரம் ஏந்திய அருவாளை அந்தக் கைக்கு அடையாளம் தெரியாமலா போகும்?

இவருக்குத் தெரியும். இது நகல் என்று எடுத்த உடனேயே தெரிந்திருக்கிறது. தெரிந்தே நெற்றியில் ஒற்றியிருக்கிறார்.

ஏற்றுங்கள் பூசாரி என்று நாட்டாமை இரண்டாவது தடவை சொன்னார். அதற்கு மேல் தட்ட முடியாது. கருப்பனுக்கு எதிரே நின்று பூசாரி அருவாளைப் படுக்கைவாட்டில் ஏந்தினார். கரிப்பட்டையின் மேல் யாரோ ஒரு கை நிறையச் சூடத்தைக் குவித்தார்கள். தீ வைத்ததும் குபுகுபுவென்று எரிந்தது. பெண்கள் குலவையிட்டார்கள்.

அன்னக்கொடி அருவாளின் அடிப்பக்கத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒன்றும் நடக்கவில்லை. சூடம் எரிகிறது, கரும்புகை போகிறது, அலகு அலகாகவே இருக்கிறது. அப்போதுதான் அந்த நினைப்பு அவளைத் தாக்கியது. அரக்கு வைக்கச் சொன்னாள். வைத்தானா? பட்டி என்றால் நெருப்புக்கு உருகாது, கல்லாக நிற்கும். அவள் திரும்பி முத்திருளனைப் பார்த்தாள். இரண்டு பேர் அவன் வலது கையை மரவேரின் மேல் நீட்டிப் பிடித்திருந்தார்கள். அவன் அவளைப் பார்த்தான், பிறகு தலையைக் குனிந்துகொண்டான். போச்சு, எல்லாம் போச்சு. வாழ்நாளில் ஒரு தடவையாவது இந்த மனுஷன் நான் சொன்னதைக் கேட்டிருக்கக் கூடாதா?

சூடம் பாதிக்கு மேல் எரிந்திருந்தது. அருவாளின் அடியில் ஒரு பொட்டு பளபளத்தது. பொட்டு கனத்துத் தொங்கியது. கெட்டியாக, கருஞ்சிவப்பாக ஒரு சொட்டு விழுந்தது. அதன்மேல் இன்னொன்று.

ரத்தம் என்று ஒரு கிழவி அலறினாள். கருப்பன் அருவாள் ரத்தம் கக்குகிறது என்று கூட்டம் அப்படியே தரையில் விழுந்தது. குலவை வானைப் பிளந்தது. கையைப் பிடித்திருந்தவர்கள்கூட அதை விட்டுவிட்டுக் கும்பிட்டார்கள். நகல் என்று காட்டவந்தது கடைசியில் அற்புதமாகிவிட்டதே என்று அன்னக்கொடிக்குத் தலை சுற்றியது. இப்படியே விட்டால் அருவாள் சாமியாகிவிடும், முத்திருளன் சாமியையே திருடியவனாகிவிடுவான். எல்லைக் கல்லில் வயிறு இடிக்க நின்றுகொண்டு அவள் கத்தினாள்.

"ஐயா, மோந்து பாருங்க! ரத்தமா என்னான்னு மோந்து பாருங்க!"

நாட்டாமை காளை மட்டும்தான் விழாமல் நின்றிருந்தார். அவர் மெதுவாகக் குனிந்து, மண்ணில் விழுந்து இறுகிக்கொண்டிருந்த சொட்டை விரலில் எடுத்தார். மூக்கருகே கொண்டுபோனார். பார்சலுக்குச் சீல் வைக்கிறபோது தபாலாபீஸ் முழுக்க அடிக்குமே ஒரு வாடை, அது தெரியாதவர் அந்தக் காலத்தில் யார் இருந்தார்கள்?

"அரக்கு" என்றார்.

அவர் அருவாளின் அடியில் குனிந்து அண்ணாந்து பார்த்தார். எரிகிற சூடத்தின் வெளிச்சம் வட்டமாக ஓட்டை வழியே அவர் முகத்தில் விழுந்தது. குலவை ஒவ்வொரு வாயாக அடங்கியது. பிறகு அவர் நிமிர்ந்து, அருவாளை ஏந்தி நின்ற பூசாரியின் முகத்தைப் பார்த்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை. அந்தக் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், அவ்வளவுதான். கையால் பிடித்த ஆளுக்குத் தெரியாதா என்ற கேள்வியை அன்னக்கொடி கேட்க வேண்டிய தேவையே வரவில்லை.

மலையாண்டி அருவாளைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். சூடம் அணைந்துவிட்டது.

"பத்திரமாத்தான் இருக்கு. திருநகர்ல பத்திரமாத்தான் இருக்கு" என்றார். பிறகு, சிறு குழந்தை பிராது சொல்வது போலச் சொன்னார்: "நான் அதைக் குடுத்த அன்னைக்கே இதை வாங்கி மாத்தி வச்சிருக்கணும். லாரி முதலாளிதான் ரெண்டையும் விட மனசு வராம வச்சுக்கிட்டாரு."

விருமாண்டியின் அலமாரி அவ்வளவு சுலபமாகத் திறந்தது ஏன் என்று அன்னக்கொடிக்கு அப்போது விளங்கியது. மாதிரி என்ற சொல் ஏன் அந்த மனுஷனின் வயிற்றை எரித்தது என்றும் விளங்கியது. அவளுடைய கைவேலையைக் கோயிலில் நிறுத்திவிட்டுச் சாமியைக் கண்ணாடிக்குள் பூட்டிக்கொள்ளப் பார்த்திருக்கிறார். அதற்காக ஒரு பெயிண்டரின் கை போனால் போகட்டும் என்று வேனும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். இவருக்காகவா கண் கலங்கினோம் என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அந்த வேனிலேயே நாட்டாமையும் ஆட்களும் திருநகர் போனதும், அலமாரிக்குப் பின்னால் பட்டுத் துணியில் சுற்றி வைத்திருந்த அருவாளை எடுத்து வந்ததும் பிறகு ஊரெல்லாம் பேசிய கதை. அதைப் பார்க்க அன்னக்கொடி அங்கே இருக்கவில்லை. கையை நீட்டிப் பிடித்திருந்த இளவட்டங்களில் ஒருவன் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான். அவள் அதை வாங்கி அவன் காலடியிலேயே கொட்டிவிட்டு, புருஷனை எழுப்பிக்கொண்டு ரோட்டுக்கு வந்தாள். ஓட்டை அருவாளையும் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டாள். அதைப் பிறகு எத்தனையோ பேர் விலைக்குக் கேட்டார்கள். அவள் கொடுக்கவில்லை. அதன் பிறகு செய்த எந்த இரும்புச் சாமானிலும் ஓட்டையை அடைக்கவும் இல்லை. ஓட்டை தெரிகிறதே என்று குறை சொன்னவர்களிடம், தெரியட்டும் என்று மட்டும் சொன்னாள்.

பஸ்ஸில் இருவரும் கடைசி சீட்டில் உட்கார்ந்தார்கள். நாகமலை தாண்டும்வரை முத்திருளன் வலது மணிக்கட்டில் கயிறு பதிந்த தடத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். அன்னக்கொடிக்குக் கோபமெல்லாம் வடிந்து மனசு இளகிவிட்டது.

"ஏங்க, ஒரு தடவையாவது நான் சொன்னதைக் கேட்டு அரக்கு வச்சீகளே. அந்த மட்டுக்கும் கருப்பன் காப்பாத்துனான்" என்றாள்.

முத்திருளன் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"கேக்கலடி. அன்னைக்குப் பட்டி தீந்துபோச்சு" என்றான்.

அவள் அவனுடைய வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். பெரியார் பஸ் நிலையத்தில் எல்லோரும் இறங்கிப் போய், கண்டக்டர் வந்து தட்டிய பிறகும் அவள் அதை விடவில்லை.